நரம்பெடுத்த பல்லு நோகாதாம்

இல்லைப் பிள்ளை, நீரே சொல்லும் பாப்பம்... நரம்பெடுத்த பல்லு நோகாதாம்! ஆர் சொல்லுறது? உந்தா, உந்தக் கதவுக்கு அங்கால இருக்கிற குலசேகரம் டொக்டர். "அன்ரி, அந்தப் பல்லில நரம்பே இல்லை, நோக வழியில்லை" எண்டு போன கிழமை சொல்லி அனுப்பினவர். வாய் என்ரை, பல்லு என்ரை, நோகிறது எனக்கு. நோகேல்லை எண்டு சொல்லுறது அவர்! இப்பிடி ஒரு படிப்பு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறீரோ?

இதோட நாலாம் தரம் வாறன். ஈஸ்ட்ஹாமில இருந்து பஸ் எடுத்து, ஃபாரஸ்ட் கேட்டில இறங்கி, இந்த மேட்டுப் படி ஏறி... நாலு தரமும் அந்த நீலக் கடதாசிதான். கடியுங்கோ அன்ரி, அரையுங்கோ அன்ரி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான் என்ன, அசைபோட வந்த மாடோ? பிறகு கண்ணாடியைத் தூக்கிப்போட்டு ஒரு சிரிப்பு. "எல்லாம் சரியாத்தான் இருக்கு." சரியா இருந்தா நான் ஏனப்பா வாறன்? உம்மடை சிரிப்பைப் பாக்கவோ?

உமக்கு எத்தினை மணிக்கு? பத்தேமுக்காலுக்கோ? அப்ப கனநேரம் கிடக்கு. அந்தப் புத்தகத்தை வையும், அது போன வருசத்துப் புத்தகம்.

கிரவுன் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள் பாரும். கிரவுன்! கடவாய்ப் பல்லுக்கு முடிசூட்டு விழா! என்ன செய்தவர் தெரியுமோ? ஊசி போட்டு விறைக்க வைச்சு, என்ரை பல்லைச் சுத்திவர அராவு அராவெண்டு அராவி, கடைசியில ஒரு சின்ன முளை மாதிரி மிச்சம் விட்டவர். பிறகு ஒரு களியைக் குழைச்சு வாய்க்குள்ள அடைஞ்சு அச்செடுத்தவர். மூச்சு விட ஏலாமல் நான் டொக்டரின்ரை கையைப் பிடிச்சு நுள்ளிப்போட்டன். நுள்ளினதுக்கு அந்த நேர்ஸ் பெட்டை சிரிச்சவள். புதுப் பல்லு செய்து வாறதுக்கு ரெண்டு கிழமை, அதுவரைக்கும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. "ஒட்டுற சாமான் ஒண்டும் தின்னாதேங்கோ அன்ரி." ஓ, சொன்னவர்தான். அதுக்கு அடுத்த நாள் என்ரை சிநேகிதி எமில்டா வீட்டில தொதல். நல்ல தொதல், முந்திரிப்பருப்பு அள்ளிப் போட்டு... ஒரு துண்டுதான் பிள்ளை! சரி, ரெண்டு. தொப்பி தொதலோட வந்திட்டுது. ரிசுப் பேப்பரில சுத்திக் கொண்டுவந்து மேசையில வைச்சு, "இதென்ன பசை போட்டு ஒட்டினீர், ஒரு தொதலுக்கு நிக்காத பசை?" எண்டு கேட்டன். கேக்காமல் விடுவனோ?

பிறகு நிறம். பின்பல்லுத்தானே, உலோகத்தில போடுவம், அது உறுதி எண்டார். நான் சொன்னன், தம்பி, எனக்கு வெள்ளைதான் வேணும். பக்கத்துப் பல்லு என்ன நிறமோ அதே நிறம். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. "அவ்வளவு உள்ளுக்க ஆர் அன்ரி பாக்கப்போகினம்?" எண்டு கேட்டார். ஆர் பாப்பினமோ! அவருக்கென்ன தெரியும், எங்கடை சனத்தைப் பற்றி. ஒருத்தி கொட்டாவி விட்டாப் போதும், உள்நாக்கு வரைக்கும் கணக்கெடுப்பினம்.

நானும் எடுத்தனான் தானே. மறைக்க என்ன இருக்கு.

எனக்கு ஒரே ஒரு பெடியன், பாஸ்கரன். இவர், என்ரை மனுசன், கண்ணை மூடினாப்பிறகு நானும் அவனும்தான். நல்ல வேலை, தண்ணி இல்லை, சிகரெட் இல்லை. தொண்ணூற்றொண்டில, இப்ப நாலு வருசமாச்சு, தானே வந்து என்னட்டைச் சொல்லுறான், "அம்மா, டூட்டிங்கில ஒரு பிள்ளை, சிவகௌரி எண்டு பேர். ஒருக்காப் போய்க் கதையுங்கோ." நான் பாத்து வைச்ச சம்பந்தம் ரெண்டு மூண்டு கிடக்க, இவர் தானே தேடிக்கொண்டு வாறார்! சரி, போனம். நோர்தேண் லைன் ரெயினில நிண்டுகொண்டே போனம். மேல் மாடி வீடு, தாயும் பிள்ளையும். தாய் பாலாம்பிகை எண்டு, அவ கதைச்சா எங்கடை காதில விழாது, அப்பிடி மெல்லிய குரல் மனுசி. பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து தந்து என்னைப் பாத்துச் சிரிச்சுது.

அங்கதான் பிடிச்சன்! முன்பல்லு. வலப்பக்கத்து முன்பல்லு. மற்றப் பல்லெல்லாம் ஒரு மாதிரி, இது வேற மாதிரி. முரசு, அந்தப் பல்லீறு, முடியிற இடத்தில ஒரு கறுப்புக் கோடு, பென்சிலாலை கீறின மாதிரி. பாஸ்கரனுக்கு அது தெரியேல்லை. அவன் பல்லையோ பாத்தான்! அதுகள் ரெண்டும் குசினி வாசலில நிண்டு ஏதோ கதைச்சுதுகள், அதுக்குள்ள நான் தாயைப் பிடிச்சுக் கேட்டன். மனுசி ஒளிக்கேல்லை. ஓம் அக்கா, அது போட்ட பல்லு எண்டு சொன்னவ.

எண்பத்தேழில ஊரில ஷெல் அடிக்கேக்க ஓடினவையாம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை இந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடினதாம். பள்ளிக்கூடப் படியில தடக்கி விழேக்க ரெண்டு கையிலயும் குழந்தையாம். கையை ஊண்டியிருந்தா பல்லுத் தப்பியிருக்கும், குழந்தை போயிருக்கும். ஊண்டேல்லை. வாய் போய்ப் படியில அடிச்சது. இஞ்ச வந்தாப்பிறகுதான் கிரவுன் போட்டதாம்.

நான் என்ன நினைச்சன் தெரியுமோ? பல்லு உடைஞ்ச எல்லாரிட்டயும் ஒரு கதை இருக்கும் எண்டு நினைச்சன். என்னை அப்பிடிப் பாக்காதையும். அப்ப அப்பிடித்தான் நினைச்சன். முன்னுக்கே பொய்ப்பல்லு, பின்னுக்கு என்னென்ன பொய்யோ எண்டு எமில்டாவுக்கும் சொன்னன், கோயிலில கண்ட நாலு பேருக்கும் சொன்னன். பாலாம்பிகைக்கு ரெலிபோன் எடுத்து, "தங்கச்சி, குறை நினையாதேங்கோ, பிள்ளையின்ரை பல்லு மகனுக்கு மனசுக்குப் பிடிக்கேல்லையாம்" எண்டு சொன்னன். அந்த மனுசி "சரி அக்கா" எண்டு வைச்சிட்டுது. ஒரு சண்டை இல்லை, ஒண்டுமில்லை. மானமுள்ள சனமெண்டா ரெண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமோ?

அவனுக்கு என்ன சொன்னனோ? அவனுக்கு... அவை வேண்டாமெண்டிட்டினம் தம்பி எண்டு சொன்னன்.

என்ன செய்யச் சொல்லுறீர்? டூட்டிங்கில இருந்து வரேக்க ரெயின் முழுக்கச் சிரிச்சுக்கொண்டு வந்தவன். அப்பிடிச் சிரிக்கிறவனிட்டைப் பல்லுக் கதை சொன்னா எடுபடுமோ? அவையே வேண்டாமெண்டா மறந்திடுவான் எண்டு பாத்தன். சோத்தைப் போட்டுத் திண்டிட்டுப் போய்ப் படுத்தான். அதுக்குப் பிறகு நான் கொண்டுவந்த ஒரு சம்பந்தத்துக்கும் ஓம் எண்டேல்லை. ஆறு மாதத்தில வேலைக்குக் கிட்ட எண்டு குறொய்டனில அறை எடுத்திட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான், பல்பு மாத்துவான், கவுன்சில் கடிதம் வாசிச்சுச் சொல்லுவான், போவான்.

இந்தப் பல்லுக்கு வருவம். போன வருசம் பல்லில சூத்தை விழுந்து குத்தி, இந்த டொக்டர்தான் நரம்பெடுத்து அடைச்சவர். அப்பவே சொன்னவர், "அன்ரி, நரம்பெடுத்த பல்லு காஞ்ச தடி மாதிரி, மேல கிரவுன் போடாட்டி ஒருநாள் பிளக்கும்" எண்டு. நான் போடுவனோ? கிரவுன் போட்ட பிள்ளையை ஊர்முழுக்கப் பொய்ப்பல்லுக்காரி எண்டு சொல்லிப்போட்டு, நான் போய் வாயைத் திறந்துகொண்டு படுக்கிறதோ? வேண்டாம் எண்டிட்டன். வாற தரமெல்லாம் கேட்டவர், வாற தரமெல்லாம் வேண்டாம் எண்டன். இந்தத் தையில, குட்மேய்ஸில ஒரு பெட்டை பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. பொரிவிளாங்காய் வைச்சிருந்தவை. அது பலகாரமோ, கருங்கல்லோ! கடிச்சன், டக் எண்டொரு சத்தம். கையில துப்பிப் பாத்தா பயறு, பொரி, அரைப் பல்லு. பிடுங்கிறதோ கிரவுன் போடுறதோ எண்டார் டொக்டர். போட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பாஸ்கரனுக்கு மட்டும் சொன்னன். ஊசி போட்டா வீட்டை கூட்டிக்கொண்டு போக ஆள் வேணுமே.

கூட்டிக்கொண்டு போனவன். கறி சாப்பிட ஏலாதெண்டு கஞ்சி வைச்சுத் தந்தவன்.

ஆனியில அந்த டூட்டிங் பிள்ளைக்கு, சிவகௌரிக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை இவன்ரை ஒஃபிசில வேலை செய்யிற பெடியன். அப்ப போகத்தானே வேணும். எனக்குச் சொல்லாமல் போயிருக்கிறான். வாசலில பாலாம்பிகை நிண்டு வரவேற்றிருக்கிறா. நல்ல மனுசிதானே, அவனுக்குச் சந்தனம் குடுத்து, "தம்பி, உங்களுக்கு இன்னும் சரிவரேல்லையோ? எங்கடை பிள்ளையின்ரை பல்லு உங்களுக்குப் பிடிக்காமல் போனதில எனக்கு ஒரு கோவமும் இல்லை, மனசுதானே" எண்டிருக்கிறா. கோவமில்லையாம்! கோவப்பட்டிருந்தா நாலு பேச்சோட முடிஞ்சிருக்கும்.

பின்னேரம் நேரே என்னட்டை வந்தான். கோட்டுச் சூட்டுக் கழட்டேல்லை, நெத்தியில சந்தனம் காஞ்சு கிடக்கு. மனுசி சொன்னதை ஒருக்காச் சொன்னான். பிறகு, "அம்மா, வாயைத் திறவுங்கோ" எண்டான். நான் என்னத்துக்கடா எண்டன். "திறவுங்கோ." யன்னல் பக்கம் திருப்பி, தாடையைப் பிடிச்சு, குனிஞ்சு பாத்தான். மெல்லத்தான் பிடிச்சவன். "எது?" எண்டு கேட்டான். விரலாலை காட்டினன்.

"நல்லாச் செய்திருக்கினம். தெரியவே தெரியாது" எண்டான்.

அவ்வளவுதான் பிள்ளை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பன், எனக்கென்ன கத்தத் தெரியாதோ? பெத்தவளுக்கு ஒரு உரிமை இல்லையோ எண்டு கேட்டிருப்பன். கேக்க விடேல்லையே! தேத்தண்ணி குடுத்தன், குடிச்சான். கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சான். போயிட்டான். பிறகு பாக்கிறன், ரீவிக்கு மேல வீட்டுத் திறப்பு கிடக்குது. அவனிட்டைக் குடுத்து வைச்ச சாவி.

அவன் ஒரு நாளும் ஒரு சாமானும் மறக்கிற ஆள் இல்லை. எண்டாலும் நான் ரெலிபோன் எடுத்தன். "தம்பி, திறப்பை விட்டிட்டுப் போயிட்டாய்" எண்டன்.

"ஓம் அம்மா" எண்டான்.

ஒம்பது கிழமை, ரெண்டு மாதத்துக்கு மேல, அவன் இந்தப் பக்கமே வரேல்லை. பல்பு ஒண்டு எரியேல்லை, குசினியில... என்ன, எங்க எழும்பிறீர்? உம்மடை பேர் கூப்பிடேல்லையே. அந்தப் பக்கத்துக் கதிரை வேண்டாம் பிள்ளை, அதில வெய்யில் நேரே முகத்தில அடிக்கும்...

சரி. இரும், இரும். நான் இனிக் கதைக்கேல்லை.