ஓட்டை வழியே வந்தவன்

"ஹலோ… ஹலோ, சின்னி! குறுக்கே பேசாம கேளு. வாசக் கதவு பூட்டியிருக்கா?… கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு… தாழ்ப்பாள்? போய்ப் போடு. இப்பவே. போனை வைக்காத, கையிலேயே வெச்சுக்கிட்டுப் போ…"

போனில் பேசிக்கொண்டிருந்தது அக்கா. வக்கீல் அலுவலகத்தில் இருக்கும் பதினொரு கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை. கட்டினவனிடம் அடி வாங்கி அடி வாங்கிக் கடைசியில் ஓடிவந்த தங்கைக்கு, அந்த அலுவலகத்து வக்கீலம்மாதான் வழக்குப் போட்டுக்கொடுத்து, நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு மாடி வீட்டையும் பார்த்துக்கொடுத்திருந்தார். அந்த விலாசம் தெரிந்தவர்கள் இவர்கள் மூன்று பேரும் அலுவலகத்துக் குமாஸ்தாவும்தான். அதைத் தவிர, குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் அது இருந்தது.

அந்த ஃபைலை இன்று காலை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். அப்போது குமாஸ்தா கோர்ட்டில் இருந்தார். அக்கா அதைக் கண்டுபிடித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"போட்டாச்சா?… சரி. பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாள்ல?… ஏன் போகல?… காய்ச்சலா? ஐயோ… சரி, சரி. அவளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கோ. சொல்றேன், பதறாத. அவனுக்கு வீடு தெரிஞ்சுபோச்சு… ஆமா. ஆமாடி, அவனுக்குத்தான்… எப்படின்னு அப்புறம் சொல்றேன்… அப்புறம்னு சொல்றேன்ல!"

குமாஸ்தா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நேற்று எதிர்த்தரப்பு வக்கீல் பெயரில் 'சமாதான மனு' என்று ஒரு ஃபைல் மெயிலில் வந்தது. அவர் திறந்தார். நாலு வரி படிப்பதற்குள் ஃபைல் தானாகவே மூடிக்கொண்டது. அந்த நேரத்தில், அந்தக் கம்ப்யூட்டர் முழுசாக, ஃபைலை அனுப்பிய சின்னியின் புருஷன் கைக்குப் போய்விட்டது. மென்பொருள்களில் ஓட்டை எங்கே என்று தேடிச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. கம்பெனிகள் அவனுக்கு மாலை போடாத குறைதான்.

"வக்கீலம்மா இன்னொரு போன்ல போலீஸ்கிட்ட பேசிக்கிட்டிருக்காங்க… பத்து நிமிஷம்னு சொல்றாங்க… நீ எதுக்கு அழறே? அவன் கிளம்பினானான்னே தெரியாது… ஆமா, ஆமா… என்ன? யாரு தட்டுறது?"

தட்டும் சத்தம் அக்காவுக்கும் கேட்டது. மரியாதையாக, மூன்று தட்டு.

"கூரியரா? நீ ஏதாவது வர வெச்சியா?… அப்புறம் என்ன கூரியர்! பதில் சொல்லாத. வீட்ல ஆளே இல்லாத மாதிரி இரு. கதவுத் துவாரத்துல எட்டிப் பாக்காத… பாப்பா வாயைப் பொத்து. சின்னி, பாப்பா வாயைப் பொத்து!"

பொத்துவதற்குள் குழந்தை 'அப்பா' என்று கூப்பிட்டுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் அதற்குத் தெரிந்த குரல்.

முதல் உதை கதவின் அடியில் விழுந்தது. அடுத்தது பூட்டின் பக்கம். அதற்கப்புறம் இரும்பால் மரத்தைப் பிளக்கும் சத்தம். அக்கா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். வக்கீலம்மா கையிலிருந்த போனில் விலாசத்தை மறுபடியும் கத்திச் சொன்னார்.

"பாத்ரூமுக்குள்ள போ! ரெண்டு பேரும்… என்ன? பிளாஸ்டிக் கதவா? ஒரு உதைக்குத் தாங்காதா?… அப்ப பாப்பாவை மட்டும் உள்ள விடு. தாழ்ப்பாள் போடச் சொல்லு. போடத் தெரியும், போன வாரம்கூட உள்ள மாட்டிக்கிட்டு அழுதாளே… ஜன்னலைத் திறந்து கத்து. கீழ் வீட்டுக்காரர் இருக்காரா?… வேலைக்குப் போயிட்டாரா… சரி, கைல என்ன இருக்கு? கத்தி வேண்டாம், பிடுங்கிடுவான்… இஸ்திரிப் பெட்டியா? சூடா இருக்கா?… எடு. அதையே எடு. கதவுக்குப் பக்கவாட்டுல நில்லு, நேரா நிக்காத. அவன் தலை உள்ள வந்ததும்… சின்னி? கேக்குதா?… யோசிக்காத. அவன் என்னிக்காவது யோசிச்சானா?"

கதவு விழுந்தது. அதே நேரத்தில் போனும் விழுந்திருக்க வேண்டும். அதன்பிறகு அக்காவுக்குக் கேட்டதெல்லாம் தரையோடு தரையாகக் கேட்ட சத்தங்கள். இழுபடும் கால்கள். ஒரு நாற்காலி சுவரில் மோதி நொறுங்கியது. அவன் கத்தவில்லை. மூச்சு மட்டும் வாங்கினான். இரும்புக் கம்பி எலும்பில் விழுந்த சத்தமும், அதோடு தங்கையின் அலறலும் கேட்டபோது, அக்கா மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னி! எழுந்திரு! எழுந்திருடி! டேய்… டேய், நாயே, இங்க பேசு! என்கிட்ட பேசுடா! போலீஸ் கீழ வந்தாச்சு, படியேறுறாங்க… அவளை விடு! சின்னி!"

போலீஸ் அப்போது எந்தத் தெருவில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பொய்தான். ஆனால் போனிலிருந்து வந்த அந்தக் கத்தலுக்கு அவன் ஒரு கணம் திரும்பியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்துக் கேட்டது அவனுடைய குரல். சூடு பட்ட மிருகத்தின் ஊளை மாதிரி நீண்டு, பாதியில் அறுந்து, ஒரு ஆள் மொத்தமாகக் கீழே விழுகிற சத்தத்தில் முடிந்தது.

அக்கா கண்ணை மூடினாள். முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. இஸ்திரிப் பெட்டி மறுபடியும் இறங்கியது. மறுபடியும். அவனிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. பெட்டி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, துணி துவைப்பது மாதிரி, ஒரே தாளத்தில்.

"சின்னி… போதும். போதும்டி. அவன் விழுந்துட்டான்… கேக்குதா உனக்கு? நிறுத்து. அவன் செத்தா நீதான் உள்ள போகணும்… தங்கம், என் குரல் கேக்குதா? பாப்பா அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கா. பாப்பா கேக்குறாடி!"

பெட்டி நின்றது. தூரத்தில், கதவுக்குப் பின்னால், குழந்தை விக்கி விக்கி அழுவது கேட்டது. சற்று நேரத்தில் படியில் பல கால்கள். பிறகு ஒரு பெண் போலீஸ் போனை எடுத்தார்.

"ஹலோ… ஆமா மேடம். ஆமா, நான் அவ அக்காதான்… உசுரு இருக்கா?… இல்ல மேடம், நான் அவனைக் கேக்கல… சரி, அவனையும்தான்… மூச்சு இருக்கா… தாடையா? உடையட்டும்… மன்னிச்சிடுங்க, வாய்ல வந்துடுச்சு… தங்கச்சிக்கு?… இடது கையா? ரெண்டு இடத்துலயா?… குழந்தை மேல கீறல்கூட இல்லையா? உறுதியா? நல்லா பாத்தீங்களா?… சரி… சரி மேடம். அவகிட்ட குடுங்க. ஒரு நிமிஷம், ஆம்புலன்ஸ்ல ஏத்துறதுக்குள்ள."

குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வக்கீலம்மா அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகமே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சின்னி… வலிக்குதாடி?… சரி, பேசாத… என்ன? அதை இப்ப எதுக்குக் கேக்குற… சொல்றேன். குமாஸ்தா ஒரு ஃபைலைத் திறந்துட்டார்… ஆமா, அவன் அனுப்பினதுதான்… அந்த ஆளை ஏண்டி திட்டுற… இரு. இரு, சின்னி. அவர் மேல தப்பு இல்ல."

அக்கா நிறுத்தினாள். பழியைக் குமாஸ்தா மேலேயே விட்டிருக்கலாம். தங்கை நம்பியிருப்பாள், வக்கீலம்மாவும் நம்பியிருப்பார். குமாஸ்தாவேகூட அதை நம்பிவிட்டார்.

"ஃபைல் வந்தா திறக்குறது அவர் வேலை. திறந்தா ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறது என் வேலை… ஃபைலைத் திறக்குற அந்த சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கு, புதுசை ஏத்திக்கோங்கன்னு அதைச் செஞ்ச கம்பெனிக்காரனே எழுதியிருந்தான். மூணு வாரமா தினம் காலையில திரையில வந்து நின்னுச்சு… ஆமா. பாத்தேன்… ஏத்தினா எல்லா மெஷினையும் அணைச்சுப் போடணும். வக்கீலுங்க கத்துவாங்க. அதனால அப்புறம், அப்புறம்னு தள்ளிவிட்டேன்… இல்ல, மறந்து போகல. தெரிஞ்சுதான்."

குமாஸ்தா முகத்திலிருந்து கையை எடுத்தார். வக்கீலம்மா மெதுவாகத் திரும்பினார்.

"சின்னி… இருக்கியா?… ஏதாவது சொல்லு. திட்டு… நான் இப்பவே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு… என்ன?… சரி… சரிடி. வரல. நீயா கூப்பிடுற வரைக்கும் வரல… பாப்பாகிட்ட மட்டும் ஒரு தடவை குடு. பெரியம்மான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு நான்—"

தங்கை போனை வைத்துவிட்டாள்.