பொறியாளர் வரும்வரை பள்ளத்தைத் தொடாதீர்கள்

ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி என் மானத்தைக் காப்பாற்றிவரும் அவைத் தலைவர், பால் சங்கத்துப் பெரியவர் அவர்களே! அகவையாலும் அனுபவத்தாலும் முன்வரிசையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் செருப்புமாகச் சேறு கடந்து வந்து சேர்ந்த தாய்மார்களே! பள்ளம் பார்த்துப் பழகிய பாதங்களை உடைய, எங்கள் வண்டிப்பாதையின் பதினொரு வீட்டுச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தாள் நடுங்குகிறதே என்று பார்க்காதீர்கள், மின்விசிறிக் காற்று. மின்விசிறி ஓடவில்லை என்கிறார் அங்கே ஓர் அக்கா. சரி, பயம்தான்.

மூன்று வாரமாக ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. நம் பாதை யாருடையது? அரசாங்கத்தினுடையதா? இல்லை. பத்திரத்தை எடுத்துப் படித்தேன். பதினொரு வீட்டுக்கும் பொதுவான தனியார் பாதை. நல்லது. பாதை நம்முடையது என்றால் அதில் விழுந்த பள்ளம் யாருடையது? அதைக் கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம்?

தனியார் பாதைக்கு இத்தனை காலமும் அரசு ஒரு கூடை மண் போட்டதில்லை. இந்த ஆண்டுதான், கிராமத்துத் தனியார் பாதைகளையும் பழுதுபார்க்க நிதி தருகிறார்கள். பதினொரு வீடும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். பொறியாளர் நேரில் வந்து, பாதை கெட்டுத்தான் கிடக்கிறது என்று எழுத வேண்டும். அவ்வளவே.

கையெழுத்து வாங்கினோம். வேலித் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத இரண்டு வீடுகளும் ஒரே பேனாவில் கையெழுத்திட்டன. பேனாவை மட்டும் என் வழியாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பொறியாளர் வந்தார். அளவு நாடாவை இழுத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பியும் நடந்தார். "என்னம்மா, பாதை நல்லாத்தானே இருக்கு?" என்றார். 'போக்குவரத்துக்கு உகந்தது' என்று எழுதியும் விட்டார்.

எங்கே போயின பள்ளங்கள்? பதினான்கு பள்ளங்கள்! முந்தைய நாள்வரை கன்றுக்குட்டி இறங்கிப் படுத்த பள்ளம் எங்கே? பறந்தனவா? பதுங்கினவா?

வீடு வீடாகப் போய் விசாரித்தேன். கொத்தனார் மாமா வாசல் பள்ளத்தில் செங்கல் துண்டுகள். தச்சர் அண்ணன் வாசலில் மரத்தூளும் மண்ணும். டெய்லர் அத்தை வாசலில் வெட்டுத்துணி மூட்டை, மேலே மணல். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஏன் இப்படி என்று கேட்டேன். கொத்தனார் மாமா சொன்னார்: "ஆபீசர் வர்றாரும்மா. கண்டபடி கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

பத்து வீட்டில் கேட்டேன். பதினோராவது வீட்டில் கேட்கவில்லை. ஏனென்றால் அது என் வீடு.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு வாளி சரளையைக் கொட்டி, மிதித்துச் சமன் செய்தவள் நானேதான். கல்லூரியில் படித்தவள்! அந்த விண்ணப்பத்தையே எழுதியவள்!

மூன்றாம் நாள் மழை. செங்கலும் போயிற்று, சரளையும் போயிற்று, பள்ளங்கள் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தன. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் என் நான்கு வயது மகளுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது, பாதையின் முனைவரை. ஓட்டுநர்மேல் குற்றமில்லை. "உள்ள விட்டா வண்டி சிக்கிக்கும்க்கா, பாப்பாவத் தூக்கிட்டு வாங்க" என்றார்.

ஓடினேன். அறுநூற்று நாற்பது காலடிகள். அன்று எண்ணவில்லை, பிறகு ஒருநாள் நடந்து நடந்து எண்ணினேன். என் கால் எந்தப் பள்ளத்தில் மடங்கியது தெரியுமா? நான் மூடிய அதே பள்ளத்தில். பிள்ளை பிழைத்தாள். இதோ, தலைவர் ஐயாவின் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

பொறியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். மகளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வரும் வியாழக்கிழமை மறுபடி வருகிறார். அதுதான் கடைசி. அதன்பின் இந்த ஆண்டு நிதி கிடையாது.

கொத்தனார் மாமா, வரும் வழியில் உங்கள் வாசலில் ஒரு சாக்கு மூடிக் கிடந்ததே, அதற்கடியில் என்ன?

எழுந்து நிற்கிறார். "செங்கல்தாம்மா. பழக்கதோஷம். எடுத்துர்றேன். ஆனா வியாழனுக்குள்ள இன்னொரு பிள்ளைக்கு முடியாமப் போனா?"

அன்பர்களே, பதினொரு முறை அடித்தடித்து எழுதியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே!

அதோ, ஆட்டோக்காரத் தம்பி கை தூக்குகிறார். அவர் வண்டி பள்ளங்களுக்கு நடுவே நெளிந்து வந்துவிடும். இன்றுமுதல் அதைப் பாதைக்குள்ளேயே நிறுத்துகிறாராம். எந்த வீட்டுக்காரரும் எந்நேரமும் கதவைத் தட்டலாமாம். கைதட்டல் எனக்கு வேண்டாம், அவருக்குக் கொடுங்கள்!

பள்ளம் யாருடையது என்று கேட்டேன் அல்லவா? அவரவர் வாசலை அவரவர் மூடியபோது அது யாருடையதும் அல்லாமல் போயிற்று. இப்போது கேட்கிறேன், யாருடையது? நம்முடையது என்கிறீர்கள். அந்தக் குரல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கும் கேட்கட்டும். மூடாமல், மறைக்காமல், கூச்சப்படாமல் பதினான்கு பள்ளங்களின் பக்கத்திலும் நாம் நிற்போம். நாடா வந்து நம் காலடியில் அளக்கட்டும்!

நடுங்கிய குரலைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், மடக்கிக் கேள்வி கேட்ட மாமாவுக்கும், சேற்றில் வந்த தாய்மார்களுக்கும் நன்றி. வணக்கம். மாமா, கொஞ்சம் இருங்கள், அந்தச் சாக்கை நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.