குழல் வந்த பக்கம்

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. இன்னும் கிட்ட. கதவோரம் நிற்கிறவர்களும் வரலாம், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கதை தருகிறேன், ஆனால் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. மூன்று பேரைப் பேசவிட்டு உங்களோடு உட்கார்ந்து நானும் கேட்கப்போகிறேன். ஒருவர் லிப்ட் மெக்கானிக். அடுத்தவர் அவர் மனைவி, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறவர். மூன்றாவது ஆள் ‘ஹெட்போன் விற்பனைக்கு’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டி வண்டியிலேயே வந்து இறங்கிய பேக்கரிக்காரர். கேட்டு முடிக்கும்போது உங்கள் மனசு ஒரு பிடி லேசாகியிருக்கும். அது என் பொறுப்பு.

– மெதுவா, தம்பி, மெதுவா! ரெண்டு கையாலயும் பிடிங்க. பச்சைக் குழந்தையை வாங்குற மாதிரி வாங்கணும்.

– அம்மாடி! என்ன கனம்ணே இது, ஹெட்போனா இரும்புக் கல்லா?

– ரெண்டு பக்கமும் காந்தம், தம்பி. இது பிளானர். சாதாரண ஹெட்போன்ல ஒரு சின்னக் கூம்பு மட்டும் அடிச்சுக்கும். இதுல ஒரு சவ்வு, முடியை விட மெல்லிசு, அது மேல கோலம் போட்ட மாதிரி ஓடுற உலோகக் கோடு. முன்னாடி காந்தம், பின்னாடி காந்தம், நடுவுல அந்தச் சவ்வு மொத்தமும் ஒண்ணா அசையும். சொல்லப்போனா, காத்தே பாடுற மாதிரி.

– ஆரம்பிச்சுட்டார். தம்பி, இந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு உட்காருங்க. மகாராணி புராணம் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

– மகாராணியா அக்கா?

– பின்னே? பட்டுத் துணியில சுத்தி, தனி அலமாரி, தனிப் பூட்டு. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பதவிசா உட்கார்ந்ததில்லை.

– நீ போய் உன் மெஷினை மிதி. தம்பி, இப்படி வாங்க, எனக்கு இடது பக்கம் உட்காருங்க.

– இல்லண்ணே, நான் உங்களுக்கு வலது பக்கம் உட்கார்ந்துக்கிறேன். எனக்கு அதான் வசதி… எப்ப வாங்கினதுண்ணே இது?

– அந்த ஆம்ப்ளிஃபையர் சூடாகட்டும், ஒரு நிமிஷம்.

– என்னங்க, தம்பி கேட்டாரே, பதில் சொல்லுங்க.

– ஆங்? என்ன கேட்டீங்க?

– எப்ப வாங்கினதுன்னு கேட்டேன்.

– அதுவா! வாங்கினது போன வருஷம். ஆசைப்பட்டது பதினோரு வருஷமா. வந்த அன்னிக்கு மத்தியானம் இவ கடைக்குப் போயிருந்தா. முப்பது வருஷமா கேட்ட பாட்டு ஒண்ணைப் போட்டேன். பாடுறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்குறாங்க, தம்பி! பின்னால யாரோ நாற்காலியை நகர்த்துறார். முப்பது வருஷமா அந்த நாற்காலி அங்கேதான் இருந்திருக்குது. எனக்குத்தான் தெரியலை.

– நான் வந்து பார்த்தா, கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். யாரு போய்ச் சேர்ந்தாங்களோன்னு எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. கேட்டா, ‘நாற்காலி, நாற்காலி’ங்கிறார்.

– உனக்கென்ன தெரியும்? நாள் முழுக்க மோட்டார் அறையில நிக்கிறவன் நான். காதாலதான் எனக்கு வேலையே, தம்பி. ஒரு பேரிங் போகப்போகுதுன்னா, ஒரு மாசம் முன்னாடியே முனகும். அதைக் கேட்டுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்த முனகலையெல்லாம் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து இதை மாட்டினா, காதைத் தண்ணி விட்டுக் கழுவின மாதிரி இருக்கும்.

– தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஒரு நாள் என் தலையிலயும் வெச்சுவிட்டார். என் மெஷின் சத்தம், தைக்க வேண்டிய துணி, எல்லாமே மறந்து போச்சு. நல்லாத்தான் இருந்துது. அவர்கிட்ட சொன்னா தலைக்கு ஏறிடும்.

– இவ என்ன முணுமுணுக்குறா?

– ஒண்ணுமில்லை. பக்கத்துலதானே நிக்கிறேன், கேட்க வேண்டியதுதானே?

– அண்ணே, இவ்வளவு ஆசையா வெச்சிருக்கீங்க. விக்க எப்படி மனசு வந்துது?

– விளம்பரத்துலயே எழுதியிருந்தேனே. வியாழக்கிழமை காலையில மாட்டினேன், வலது பக்கம் அவுட். கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்துது. ஒயரை மாத்தினேன், ஆம்ப்ளிஃபையரை மாத்தினேன், பாட்டை மாத்தினேன். வலது பக்கம் அதே கதை. அப்ப சவ்வு போச்சுன்னுதானே அர்த்தம்? பாதி உயிரா கிடக்கிறதை தினம் பார்த்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. கையை விட்டுப் போயிட்டா மறந்துருவேன்.

– மறந்துருவாராம்! நாலு நாளா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை, தம்பி. கூப்பிட்டா திரும்புறதில்லை. புதன்கிழமை ஒரு சின்னச் சண்டை, மின்விசிறியைத் துடைக்கலைன்னு. அந்தக் கோவத்தைத்தான் இன்னும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கார்.

– கோவமா? எனக்கா? நீ எப்ப கூப்பிட்டே?

– நடிப்பைப் பாருங்க, தம்பி.

– அது கிடக்கட்டும், முதல்ல அந்த ஃப்ரிட்ஜுக்கு ஆளை வரச்சொல்லு. நாலு நாளா ஙொய்ங்னு ஒரே ராகம்.

– ஃப்ரிட்ஜ் எங்கேங்க கத்துது? தம்பி, உங்களுக்கு ஏதாவது கேட்குதா?

– இல்லக்கா, ஒண்ணும் கேட்கலையே.

– மெஷினை மிதிச்சு மிதிச்சு உன் காது போச்சு, ரொட்டி அடுப்புப் பக்கத்துல நின்னு தம்பிக்குப் போச்சு. சரி, தம்பி, ஒண்ணு சொல்லுங்க. ஒரு பக்கம் செத்துப் போனதுன்னு தெரிஞ்சும் ஏன் வாங்க வந்தீங்க? ஒரு கால் இல்லாத நாற்காலியை யாராவது தேடி வந்து வாங்குவாங்களா?

– எனக்கு அது போதும்ணே.

– போதும்னா எப்படி?

– எனக்குப் போதும்ணே. முதல்ல கேட்டுப் பார்க்குறேனே.

– சரி, இருங்க. வயலினும் குழலும் மட்டும் இருக்கிற பதிவு ஒண்ணு போடுறேன். வயலின் முழுசா இடது பக்கம், குழல் முழுசா வலது பக்கம். அப்படிப் பிரிச்சுப் பதிவு பண்ணினது. ரெண்டும் அண்ணன் தங்கச்சி மாதிரி வம்பிழுத்துப் பேசிக்கும். பாவம், உங்களுக்கு வயலின் மட்டும்தான் கிடைக்கும். மாட்டிட்டீங்களா?

– மாட்டிட்டேன்.

– எப்படி இருக்குது?

– அண்ணே…

– சொல்லுங்க, தம்பி!

– இந்தக் குழல், அண்ணே! ஊதுறவர் உதடு காஞ்சு போயிருக்குது, அதுகூடக் கேட்குது. விரல் வந்து ஓட்டையை மூடுற சத்தம்… என் தோள் பக்கத்துல உட்கார்ந்து ஊதுற மாதிரி இருக்குது.

– குழலா?

– ஆமாண்ணே. வயலினைத்தான் காணோம்.

– தம்பி, குழல் இருக்கிறது செத்த பக்கம். உங்களுக்கு வயலின்தான் கேட்கணும்.

– இல்லண்ணே, குழல்தான். இந்தா, இப்ப மேலே ஏறுது.

– அது எப்படி… அட! திருப்பி மாட்டியிருக்கீங்க! குஷனைப் பாருங்க, தடிச்ச பக்கம் காதுக்குப் பின்னால வரணும், உங்களுக்கு முன்னால வந்திருக்குது. வலது கிண்ணம் உங்க இடது காதுல உட்கார்ந்திருக்குது. ஐயோ, மகாராணியை யாரும் இப்படி மாட்டினதே இல்லை!

– அண்ணே, இந்த வலது கிண்ணத்துக்கு ஒண்ணும் ஆகலை.

– லூஸ் காண்டாக்டா இருக்கும். லிப்டும் இப்படித்தான், மெக்கானிக் வந்து நின்னா ஒழுங்கா ஓடும்.

– லூஸ் காண்டாக்ட் இல்லண்ணே. நான் பேசாம பணத்தைக் கொடுத்துட்டு வண்டி ஏறியிருக்கலாம், நல்ல பொருள், பாதி விலை. அரை நிமிஷம் அந்த எண்ணம் வந்துது, பொய் சொல்லமாட்டேன். நீங்களும் இதே மாதிரி திருப்பி மாட்டிப் பாருங்க.

– திருப்பியா? வயலின் வலது பக்கம் வரக்கூடாது, தம்பி! மேடையில அவர் உட்கார்ந்த இடம்னு ஒண்ணு இருக்குதில்ல?

– என்னங்க, மாட்டுங்க.

– நீ வேற. இது என்ன தொப்பியா, எப்படி வேணும்னாலும் கவுத்துக்க?

– லிப்ட்ல ஒரு பாகம் ஓடலைன்னா இடம் மாத்திப் போட்டுத்தானே பார்ப்பீங்க? மாட்டுங்கன்னு சொல்றேன்ல.

– சரி, சரி. பிடுங்காதே, ஒயர் மாட்டிக்கும்… குழல்! குழல் வந்துட்டுது! இடது காதுல, முழுசா, அந்த உதடு உட்பட! அப்ப சவ்வு நல்லாத்தான் இருக்குது. மகாராணிக்கு ஒண்ணுமில்லை!

– வயலின், அண்ணே?

– ஆங்?

– வயலின். இப்ப அது உங்க வலது காதுல இருக்கணும்.

– வயலின்… இல்லையே. கிணத்துக்குள்ள இருக்குது.

– என்னங்க… நாலு நாளா நான் கூப்பிட்டது…

– நீ நிஜமாவே கூப்பிட்டியா?

– எத்தனை தடவை! அப்ப அந்த ஃப்ரிட்ஜ்?

– ஃப்ரிட்ஜ் இல்லை. நான்தான். சனிக்கிழமை மோட்டார் அறையில நின்னேன், சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னே பிடிபடலை. சளின்னு விட்டுட்டேன். வலது கையில எப்பவும் ஸ்பேனர் இருக்குமா, போனை இடது காதுலயே வெச்சுப் பழக்கம். அதான் தெரியவே இல்லை… வயசாயிடுச்சு. அவ்வளவுதான். விடு.

– வயசு ஒரே ராத்திரியில, ஒரு காதுக்கு மட்டும் வராதுண்ணே.

– பின்னே என்னங்கிறீங்க? மகாராணி கெட்டுப் போனா வித்துடலாம். காது கெட்டா? காது இல்லாதவனை எந்த மோட்டார் அறைக்குள்ள விடுவாங்க?

– எழுந்திருங்கண்ணே. மணி அஞ்சரை. என் பேக்கரிக்கு எதிர்லயே காது டாக்டர், ஏழு மணி வரைக்கும் இருப்பார். திடீர்னு இப்படி அடைச்சுக்கிட்டா நாளைக் கடத்தக்கூடாது, சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சா திரும்பி வர வாய்ப்பு இருக்குதுன்னு அவர் வாயாலயே கேட்டிருக்கேன். உங்களுக்கு இன்னியோட நாலு நாள்தானே?

– காலையில போறேன், தம்பி.

– இல்லண்ணே. இப்ப.

– சட்டையை மாத்துங்க. நான் மெஷினை மூடிட்டு வர்றேன். தம்பி, எங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?

– வண்டி வாசல்லயே நிக்குதுக்கா. முன்னாடி மூணு பேர் உட்காரலாம். சூடு ஆறாத ரொட்டி, வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

– ஒரு நிமிஷம், தம்பி. எனக்குக் கணக்கு உதைக்குது. வலது கிண்ணம் உங்க இடது காதுல இருந்துது, சரி. அப்ப இடது கிண்ணம் உங்க வலது காதுல இருந்திருக்கணும். அதுல வயலின் நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துது? உங்களுக்கு ஏன் கேட்கலை?

– வண்டியில போய்க்கிட்டே பேசலாம்ணே.

– சொல்லுங்க.

– மூணு வருஷம் முன்னாடி, ஒரு காலையில போன் சரியா கேட்கலை. போன் கெட்டுப் போச்சுன்னு நெனைச்சேன். புதுசு வாங்கினேன். அதுவும் கேட்கலை, இன்னொண்ணு வாங்கினேன். மூணு மாசம், மூணு போன். கடைசியா டாக்டர்கிட்ட போனேன். அவர் நாள்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘மூணு மாசம் கடத்திட்டீங்களே’ன்னார். எனக்கு வலது காது கேட்காதுண்ணே. ஒரு பக்கம் செத்த ஹெட்போனை, என்னை விட்டா வேற யார் தேடி வருவாங்க?

– தம்பி…

– நடங்க ரெண்டு பேரும். கண்ணைக் கசக்குறதை வண்டியில வெச்சுக்கலாம்.

*

– பேக்கரியா?

– ஆமாங்க, பேக்கரிதான். ரொட்டி ஆர்டரா?

– மகாராணி வீட்டுக்காரன் பேசுறேன்.

– அண்ணே! டாக்டர் கிளினிக் வாசல்ல உங்களை இறக்கிவிட்டு இன்னியோட பதினேழு நாள். தினம் போனை எடுப்பேன், என்ன சொல்லுவீங்களோன்னு பயந்து வெச்சுடுவேன். காது என்ன ஆச்சு?

– அது அப்புறம். முதல்ல நீங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க. மூணு வருஷமா நீங்க பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கீங்க, தெரியுமா? இடது பக்கம் இருக்கிறவங்க மட்டும் வந்திருக்காங்க, வலது பக்கம் உட்கார்ந்தவங்க யாரும் உங்ககிட்ட வந்து சேரலை. ஒரு சின்ன ஒயர் பத்தவெச்சு வெச்சிருக்கேன். ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே காதுக்குக் கொண்டு வரும்.

– ரெண்டுமா? வயலினும் குழலுமா?

– நாற்காலியும்தான், தம்பி. இனிமே எதுவும் விட்டுப் போகாது.

– அண்ணே… அடுப்புல ரொட்டி இருக்குது, என்னை அழவெச்சுக் கருக வெச்சுடாதீங்க. அப்ப மகாராணியை விக்கலையா?

– விக்கிறதாவது! ஞாயித்துக்கிழமை உங்களுக்கு, மத்த நாள் எனக்கு. இவளுக்கும் ஒரு அரை மணி நேரம் வேணுமாம், இப்பத்தான் உண்மையைச் சொல்றா.

– என்னங்க! வரும்போது ரெண்டு ரொட்டி எடுத்துட்டு வரச்சொல்லுங்க தம்பியை!

– சொல்றேன், சொல்றேன்! அங்கேருந்து கத்தாதே, கேட்குது!

– அண்ணே, அக்கா தூரத்துல இருக்காங்க போல. உங்களுக்கு அது… அண்ணே, காது என்ன ஆச்சுன்னு சொல்லிடுங்களேன்.

– அந்த ஙொய்ங் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்குது. குழல் இன்னும் ஒரு எட்டு தள்ளித்தான் நிக்குது, ஆனா நாளுக்கு நாள் நகர்ந்து வருது. இப்ப இவ மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். ஸ்பேனர் இடது கையில இருக்குது, தம்பி. போனை எந்தக் காதுல வெச்சிருக்கேன்னு நீங்களே சொல்லுங்க.

போய் வாங்க, என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் திரும்பிப் பார்க்கும்படியே என்றைக்கும் இருக்கட்டும். வலமும் இடமும் உங்களுக்கு நிறைந்தே ஒலிக்கட்டும்.