பதினொண்ணு புள்ளி ரெண்டு

— கையை நீட்டு.

— எதுக்கு?

— நீட்டு டீச்சரம்மா, சொல்றேன். அது இல்ல, இடது கை. முழங்கை மடிப்பக் காட்டு.

— ஜோசியம் பாக்கறவங்க உள்ளங்கையத்தான் கேப்பாங்க. மடிப்புல என்ன தெரியுது?

— ஒண்ணும் தெரியல. அதான் பாக்கறேன். இப்ப வலது கை.

— ஏங்க, நாளை மறுநாள் ஆபரேஷன். பை அடுக்கிக்கிட்டு இருக்கேன். துண்டு வெக்கணும், பல்லு பிரஷ் வெக்கணும். அக்கா வேற நைட்டி தைச்சுத் தர்றேன்னு சொன்னா, இன்னும் வரல.

— காலையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க, நீ குளிச்சுக்கிட்டு இருந்த. மூணு மாடியும் ஒரே மூச்சுல ஏறி வந்தாங்க. முன்னெல்லாம் ரெண்டாவது மாடிப் படியிலயே உக்காந்துகிட்டு தண்ணி கொண்டாங்கன்னு குரல் குடுப்பாங்க. அத விடு. வலது கை.

— இந்தாங்க. நல்லா பாத்துக்கங்க.

— டிசம்பர்ல ரத்தம் எடுத்தப்ப உனக்கு நரம்பே கெடைக்காம அந்தப் பொண்ணு மூணு எடத்துல குத்துச்சு. கத்திரிக்கா கலர்ல வீங்கிப்போச்சு. பத்து நாள் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போன. பிப்ரவரியிலயும் அதே கதைதான். இப்ப எடுத்து நாலு நாளுதான் ஆவுது. எறும்பு கடிச்ச தடம்கூட இல்ல.

— இந்த தடவ வந்தவர் கைராசிக்காரர். குத்துனதே தெரியல.

— வீட்டுக்கே வந்து எடுத்தாரு.

— ஆமா. லேப்புக்கு போன் பண்ணினா வீட்டுக்கே வர்றாங்க. நீங்கதான் ஞாயித்துக்கெழமையும் பட்டறைன்னு போயிட்டீங்க.

— சரி. ரிப்போர்ட்ட எடு.

— ஃபைல்ல வெச்சு மூடியாச்சு.

— தொற. தொறந்து படி. ரத்த அளவு எவ்வளவு?

— பதினொண்ணு புள்ளி ரெண்டு. நேத்து நாலு தடவ படிக்க வெச்சீங்க. பத்து இருந்தாத்தான் கத்திய எடுப்பேன்னு சொன்னாங்க டாக்டரம்மா. பத்துக்கு மேலயே இருக்கு. சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி நிக்க வெச்சு கேக்கறீங்க.

— சந்தோஷப்பட்டேன். பட்டறையில அத்தன பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். அப்புறம் மெஷின் முன்னாடி நின்னு யோசிச்சேன். அளவு ஒத்து வரல. பிப்ரவரியில ஏழு புள்ளி ஆறு. இப்ப பதினொண்ணு. நடுவுல எங்கேர்ந்து வந்துச்சு?

— மாத்திர மாத்திரன்னு நீங்கதானே உயிர எடுத்தீங்க. முழுங்கினேன், ஏறிடுச்சு.

— முழுங்கினியா?

— அட்டையப் பாருங்க. காலி.

— அட்ட காலிதான். காலையில ரோஜாச் செடிக்கு தண்ணி ஊத்துனேன். மேல் மண்ணெல்லாம் துருப்பிடிச்ச ஆணி கலர்ல கெடக்கு. குச்சியால கிளறிப் பாத்தா பாதி கரைஞ்ச மாத்திர. பதினேழு வரைக்கும் எண்ணுனேன். அதுக்கு மேல எண்ண மனசு வரல.

— செடி வெளுத்துப் போயிருந்துச்சுங்க.

— செடிக்கு ரத்தசோகையா?

— அத முழுங்கினா வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணி பிழியற மாதிரி இருக்கு. வாயெல்லாம் ஸ்கூல் கேட்ட நக்குன மாதிரி. நாலு நாளைக்கு பாத்ரூம் போனா வெறுங்கையோட திரும்ப வேண்டியிருக்கு. உங்களுக்கு சொன்னா புரியாது.

— சொல்லவே இல்லியே நீ. சொல்லியிருந்தா வேற மாத்தி எழுதியிருப்பாங்க. ஊசியாக்கூட ஏத்தலாமாம், நான் கேட்டேன்.

— நரம்பு கெடைக்காத கைக்கு ஊசியா?

— சரி, மாத்திரையில ஏறல. அப்ப எதுல ஏறுச்சு? கீரையிலயா?

— கீரையும் சாப்ட்டேன்.

— புல்லு வாசனைன்னு தட்டு ஓரத்துல வேலி கட்டி வெப்ப. பீட்ரூட்னா மண்ணு. முட்டையில மஞ்சளத் தோண்டி என் தட்டுல போடுவ. பேரீச்சம்பழம் கரப்பான் பூச்சி மாதிரி இருக்கு. உருளைக்கெழங்கு, ரொட்டி, ஒரு நாளைக்கு அஞ்சு டீ. இதுல எதுல இரும்பு இருக்குன்னு சொல்லு, நானும் சாப்பிடறேன்.

— பேரீச்சம்பழம் சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். கண்ண மூடிக்கிட்டு.

— நெசமாவா?

— தினம் எட்டு. அலமாரியில டப்பாவுல வெச்சு.

— அதான் சர்க்கர நூத்தி எண்பத்திரெண்டா?

— என்னது?

— ரெண்டாவது பக்கம். நீ மொதப் பக்கத்தோட ஃபைல மூடிட்ட. வெறும் வயித்து சர்க்கர, நூத்தி எண்பத்திரெண்டு. பிப்ரவரியில உனக்கு தொண்ணூத்திரெண்டு. நானும் நேத்து மொதப் பக்கத்தோட டீ வாங்கப் போயிட்டேன். இன்னிக்கு காலையிலதான் திருப்பிப் பாத்தேன்.

— பேரீச்சம்பழம் இனிப்புதானேங்க.

— டீச்சரம்மா, எப்பவும் கணக்குல நாலு மார்க் வாங்கற பையன் திடீர்னு எண்பது வாங்கினா நீ மொதல்ல என்ன பாப்ப?

— பக்கத்துல யார் உக்காந்திருந்தான்னு பாப்பேன்.

— நமக்குப் பக்கத்துல யார் இருக்காங்க? கீழ் வீட்ல, தையல் மெஷின் முன்னாடி? ரெண்டு வேளையும் சர்க்கரைக்கு மாத்திர போட்டுக்கிட்டு?

— எங்க அக்காவ எதுக்கு இழுக்கறீங்க?

— நான் இழுக்கல. ரிப்போர்ட் இழுக்குது.

— நல்லா இருக்குங்க. கேள்வி கேக்கற உரிம உங்களுக்கு மட்டுந்தானா? நானும் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. சுடுதண்ணி வெக்கச் சொன்னா கரிய வெக்கற மனுஷன், மூணு மாசமா விடியக்காலம் எழுந்து பருப்பு வெக்கறீங்க. ஏன்?

— உனக்கு மூச்சு வாங்குது, அடுப்பு முன்னாடி நிக்க முடியல.

— சோறு நான்தான் வடிக்கறேன். காய் நான்தான் நறுக்கறேன். அதுக்கெல்லாம் மூச்சு வாங்கலியா? பருப்பு பக்கம் மட்டும் என்ன விட மாட்டேங்கறீங்க. குக்கர் இருக்கறப்ப சட்டியில வேக வெக்கறீங்க. உள்ள டக்கு டக்குன்னு சத்தம் வருது. நான் எட்டிப் பாத்தா எலுமிச்சம்பழத்த கையில எடுத்துகிட்டு வழிய மறிக்கறீங்க.

— பருப்பு கொதிச்சா சத்தம் வரத்தானே செய்யும்.

— பருப்பு தளதளன்னு கொதிக்கும். டக்குன்னு தட்டாது. அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பழைய பனியன் துணியில ஒண்ணு சுத்தி வெச்சிருக்கீங்களே, அது என்ன? தொட்டுப் பாத்தேன். கனமா இருந்துச்சு. பிரிச்சுப் பாக்க பயந்துகிட்டு அப்படியே வெச்சுட்டேன். யார்கிட்டயோ மந்திரிச்சு வாங்கிட்டு வந்துட்டீங்களோன்னு நெனச்சேன்.

— மந்திரமும் இல்ல, தந்திரமும் இல்ல.

— அப்ப என்ன?

— நம்ம இரும்புச்சட்டி காது ஒடஞ்சுதே, ஞாபகம் இருக்கா?

— எடைக்குப் போட்டுட்டேன்னு சொன்னீங்க.

— போடல. பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அடியில ஒரு துண்ட அறுத்து, சாணையில முனையெல்லாம் தேச்சு, மழமழன்னு ஆக்கினேன். உன் உள்ளங்கையில அடங்கும். டாக்டரம்மாகிட்ட கொண்டுபோயி காட்டினேன். பூச்சு எதுவும் இல்லாத இரும்புதானேன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நல்லா கழுவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பருப்போட கொதிக்க விடுங்க, கொஞ்சம் இரும்பு எறங்கும், ஆனா மாத்திரய மட்டும் நிறுத்திடாதீங்கன்னாங்க.

— பட்டறையில சிரிச்சிருப்பாங்களே.

— சிரிக்காம? பொண்டாட்டிய துருப்பிடிக்க வெக்கப் போறியான்னு கேட்டாரு முதலாளி.

— எங்கிட்ட ஏங்க சொல்லல?

— சொன்னா? ரோஜாச் செடிதான் குடிச்சிருக்கும்.

— மாத்திரயத்தான் பொடிச்சுப் போடறீங்கன்னு நெனச்சேன் நான்.

— அப்ப ருசியில தெரிஞ்சுதா?

— ரெண்டாம் நாளே தெரிஞ்சுது. தாழ்ப்பாள வாயில வெச்ச மாதிரி.

— தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலியே நீ. நான் சாயந்தரம் வந்து பாத்தா கிண்ணம் கழுவி கவுத்தி வெச்சிருக்கும். அதப் பாக்கத்தான் நான் வேகமா வீட்டுக்கு வருவேன், தெரியுமா?

— ம்.

— என்ன ம்? சரி, நான் ஒப்புக்கிட்டேன். இப்ப உன் முற. ஞாயித்துக்கெழம லேப்லேர்ந்து வந்தவரு எந்தக் கதவத் தட்டுனாரு?

— கீழ் வீட்டுக் கதவ.

— பேரு கேட்டாரா?

— கேட்டாரு. அக்கா என் பேரச் சொன்னா. வயசு கேட்டப்ப மறந்துபோயி அவ வயச சொல்லிட்டா. நான் பின்னாடி நின்னு கிள்ளினேன். அப்புறம் ஆறு வருஷத்தக் கொறச்சா.

— பரீட்சைக்கு ஆள் மாத்தி அனுப்பியிருக்க. உங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இதப் பண்ணினா என்ன செய்வீங்க?

— ரெண்டு வருஷம் எழுத விட மாட்டோம். சிரிக்காதீங்க.

— நான் சிரிக்கல. என் மூஞ்சியப் பாரு.

— பாத்தாச்சு. நீங்களும் கொஞ்சம் என்னப் பாருங்க. ரெண்டு தடவ தேதி குடுத்து தள்ளிட்டாங்க. மூணு வாரத்துல ஸ்கூல் தொறக்குது. தொறந்துட்டா அப்புறம் டிசம்பர்லதான் லீவு. மாசத்துல பத்து நாள் நான் எப்படி பாடம் நடத்தறேன் தெரியுமா? பிள்ளைங்களுக்கு முதுகக் காட்டாமயே போர்டுல எழுதறேன். ஒரு வரி எழுதிட்டு பின்னால துணியத் தொட்டுப் பாக்கறேன், இன்னொரு வரி எழுதிட்டு தொட்டுப் பாக்கறேன். கர்ப்பப்பையில இருக்கற அந்தக் கட்டி என்னக் குடிச்சுக்கிட்டு இருக்கு. ரத்தம் ஏறட்டும், ஏறட்டும்னா, இது இருக்கறவரைக்கும் எப்படிங்க ஏறும்?

— தெரியும். துவைக்கறது யாரு?

— தெரியும்னா விடுங்க. போயி படுத்துக்கறேன். எடுத்துப் போட்டுடட்டும்.

— பட்டறையில ஒருத்தன் தப்பான அளவ எழுதிக் குடுத்துட்டான்னு வெய்யி. அளவு தப்புன்னு மெஷினுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வெட்டும். டாக்டரம்மாவும் பதினொண்ணு இருக்குன்னு நம்பித்தான் கத்திய வெப்பாங்க. உள்ள ஏழுதான் இருக்கும். பாதியில தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? திருப்பி ஒட்டவா முடியும்? நான் வெளிய பெஞ்சுல உக்காந்து பதினொண்ணு பதினொண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருப்பேன்.

— அங்க போனதும் மறுபடி எடுத்துப் பாப்பாங்கங்க.

— பாக்கலன்னா?

— பாப்பாங்க.

— பாக்கலன்னா?

— அத நெனச்சுத்தான் மூணு நாளா எனக்கு கண்ணு மூட மாட்டேங்குது.

— ஆஸ்பத்திரி நம்பரக் குடு.

— இருங்க.

— இருக்க மாட்டேன். குடு.

— நீங்க பேச வேணாம். நானே பேசறேன். ரத்தம் என்னோடது இல்லன்னு நானே சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன். தள்ளிப் போடட்டும்.

— ஒரு நிமிஷம் நில்லு. தள்ளித்தான் போகணும்னு இல்ல. மொதல்ல உன் கையிலேர்ந்து எடுத்துப் பாப்போம். இன்னிக்கே லேப்புக்குப் போவோம், நான் கூட வர்றேன். மூணு மாசமா ஒரு நாள் விடாம அந்தப் பருப்ப சாப்ட்டிருக்க. பத்து இல்லாட்டியும் ஒன்பதாவது இருக்கும். ஒன்பது இருந்தா டாக்டரம்மாகிட்ட கெஞ்சிப் பாக்கலாம்.

— இருக்காதுங்க.

— எடுக்காமயே எப்படி சொல்ற?

— தெரியும்.

— உனக்கு எப்பவும் எல்லாம் தெரியும். ஆமா, உங்க அக்காவ எந்த தைரியத்துல கைய நீட்ட வெச்ச? போன வருஷம் அவங்களுக்கும் எட்டுதானே இருந்துச்சு? அந்த சர்க்கர டாக்டர்கூட அவங்களத் திட்டினாரே.

— போன மாசம் சர்க்கர பாக்கப் போனப்ப இதையும் எடுத்தாங்களாம். பதினொண்ணுன்னு சீட்டக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரா ஆட்டினா. எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. அப்பத்தான் இந்த யோசனையே வந்துச்சு.

— அப்ப அவங்களுக்கு நெசமாவே ஏறியிருக்கு. எப்படி? அவங்களும் இரும்பு மாத்திர தொடறது இல்ல. தையல் மெஷின விட்டு எழுந்து அடுப்ப பத்த வெக்கவே சோம்பல் அவங்களுக்கு. ரெண்டு ரொட்டித் துண்டோட மத்தியானத்த முடிச்சுக்குவாங்க. என்னத்த சாப்ட்டு ஏறுச்சு?

— நான் இதுவரைக்கும் அத யோசிக்கல. இப்பத்தான் யோசிக்கறேன்.

— யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? கீழ போயி கேளு. மூணு மாசமா மத்தியானத்துக்கு என்ன சாப்ட்டீங்கன்னு கேளு. எதுவா இருந்தாலும் அதையே உனக்கும் பண்ணித் தர்றேன். மூக்கப் புடிச்சுக்கிட்டு சாப்டுடு.

— கேக்க வேணாங்க.

— ஏன், அதுக்கும் வெக்கமா?

— தினம் நீங்க பட்டறைக்குக் கெளம்பினதும் அந்தக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு நான் கீழ எறங்கிடுவேன். மூணு மாசமா அக்கா சாப்ட்டது உங்க பருப்பத்தாங்க.