நிருபர் சிட்டு காப்பாற்றிய நாள்

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அரைக்கால் சட்டை இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் ஒரு பெல்ட், தலைமுடியை அள்ளி உள்ளே தள்ள ஒரு தொப்பி, காதில் ஒரு பென்சில், அவ்வளவுதான், பதினைந்து வயதுப் பையன் தயார். நேற்று அந்த உடுப்போடுதான் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தீர்கள். ஏட்டு ராமப்பன் ஐயா அவர் வீட்டிலிருந்து ஒரு புடவை வாங்கிவந்து கொடுத்தார். நல்ல புடவை. பாக்கெட் இல்லாததுதான் குறை.

நடந்ததை உன் கையாலேயே எழுது, எதையும் விடாதே என்று காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. விடமாட்டேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

என் பெயர் சம்பங்கி. சொந்த ஊர் ஜவளகிரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். இதில் பெருமை ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் ஆடு மாடுகூட மூன்று பாஷையிலும் திட்டு வாங்கும். பதினான்கு வயதிலிருந்து நாடகத்தில் இருக்கிறேன். உயரம் குறைவு என்பதால் எனக்கு எப்போதும் பிள்ளை வேஷம்தான். சரோஜம்மாள் என்று என்னோடு ஒருத்தி இருந்தாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், அவளுக்கு நான் ஏழு நாடகத்தில் மகனாக நடித்திருக்கிறேன்.

இந்த 1969-இல் டில்லியில் மட்டும்தான் டெலிவிஷன் உண்டு என்கிறார்கள். ஓசூரிலும் இருந்தது, முப்பத்துமூன்று நாள் இருந்தது. தேர்த்திருவிழாவை ஒட்டிப் போட்ட பொருட்காட்சியில் எங்கள் முதலாளி திம்மப்பன் ஒரு கூடாரமும் அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும் பிடித்திருந்தார். கொட்டகைக்குள் நாங்கள் நடிப்போம். பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் தம்பி கேமராவால் எங்களைப் பிடிப்பார். கேமராவிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று தகரச் சுவரின் ஓட்டை வழியாகக் கூடாரத்துக்குப் போகும். அங்கே இரண்டு பெட்டிகள், அவற்றின் முன்னால் இருநூறு பேர். சுவரைச் சுற்றிப் பத்தடி நடந்தால் எங்களை நேராகவே பார்க்கலாம். ஒருவரும் நடக்கவில்லை. ஒருநாள் ஒரு அம்மாள் மட்டும் எட்டிப் பார்த்து, என் முகத்தை ஆராய்ந்துவிட்டு, பெட்டியில் இருக்கிற பையன்தான் அழகு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

தினம் மாலை ஆறு மணிக்கு ஒரு பாகம். தொடரின் பெயர் ககனராஜா. ஆகாயத்திலிருந்து வந்து ஊரைக் காக்கும் வீரனின் கதை. ககனராஜாவாக நடித்தவர் சகாயநாதன் அண்ணா, காவேரிப்பட்டினத்துக்காரர். ஆறடி உயரம், தென்பெண்ணையில் நீந்தி வளர்ந்த உடம்பு. தோளில் சிவப்புப் போர்வை கட்டிக்கொள்வார், பெட்டியில் அது சாம்பல் நிறமாகத் தெரியும். வில்லன் ஆஞ்சப்பன். டிக்கெட் கிழிக்கிறவனும் அவன்தான் என்பதால் கொடூரமாகச் சிரித்து முடித்த கையோடு மீசையும் கத்தியுமாக வாசலுக்கு ஓடிவிடுவான்.

நான் நிருபர் சிட்டு. பத்திரிகைக்குச் செய்தி பிடிக்கும் பொடியன். சிட்டுவின் வேலையை உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது யாருக்கும் சரியாகப் புரிவதில்லை. சிட்டு போகக்கூடாத இடத்துக்குப் போவான். வில்லனிடம் மாட்டுவான். கட்டிப்போடுவார்கள். "ககனராஜா, நான் இங்க இருக்கறேன்" என்று கத்துவான். ககனராஜா வந்து அவிழ்த்துவிட்டு, தொப்பியின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். மறுநாள் மறுபடியும் சிட்டு போகக்கூடாத இடத்துக்குப் போவான். சிட்டு மாட்டாவிட்டால் ககனராஜாவுக்கு வேலையே கிடையாது, போர்வையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை நான் ஒருமுறை முதலாளியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார்.

முப்பத்திரண்டு நாளில் என்னைச் சாக்கில் கட்டினார்கள், மாங்காய் வண்டிக்கு அடியில் போட்டார்கள், தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். முப்பத்திரண்டு முறையும் அண்ணா வந்தார். கயிறு இறுக்கியிருந்தால் முடிச்சை அவிழ்க்கும்போதே வலிக்கிறதா என்று உதடு அசையாமல் கேட்பார். நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தத் தொப்பித் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. தினம் ஒருவர் நம்மைக் காப்பாற்றினால் ஒரு கட்டத்தில் அவர் வருகிற காலடிச் சத்தமே எரிச்சலாகிவிடுகிறது. அவர் வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் எழும் கைதட்டல் அதைவிட. கட்டுண்டு கிடந்தது நான், கத்தியது நான், கைதட்டல் அவருக்கு. பொறாமைதான், மறைக்கவில்லை.

போன வாரம் முதலாளி ஒரு சேதி சொன்னார். தசராவுக்கு மைசூர்ப் பொருட்காட்சியில் தொடரைப் போடப் போகிறார். அண்ணா வருவார், ஆஞ்சப்பன் வருவான். சிட்டு வேஷத்துக்கு அங்கேயே ஒரு பையனைப் பார்த்துக்கொள்வார், கட்டிப்போட யாராக இருந்தால் என்ன என்றார். எனக்குக் கன்னடம் வரும் என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை. பன்னிரண்டு வருடத்தில் என் பெயரை யாரும் கேட்டதில்லை, ஆனால் இந்த ஓசூர்த் தெருக்களில் என்னைப் பார்த்தால் பிள்ளைகள் "சிட்டு, சிட்டு" என்று பின்னாலேயே வருவார்கள். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எனக்காக வழக்காடியது சகாயநாதன் அண்ணாதான். கடைசி பாகத்தில் கதையைத் திருப்பிப் போடலாம், ககனராஜா மாட்டிக்கொள்ளட்டும், சிட்டு காப்பாற்றட்டும், ஜனம் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவரு படத்துலயே இல்லாதப்ப, உன் மூஞ்சிக்காக மட்டும் கைதட்டு நிக்காம வரணும். வந்தா நீ மைசூருக்கு வரே" என்றார்.

தண்ணீர்த் தொட்டி யோசனையும் அண்ணாவுடையது. பொருட்காட்சிக்குத் தண்ணீர் கொண்டுவந்த இரும்புத் தொட்டி, ஆள் மடங்கி உட்காரும் அளவு, மேலே மூடி, மூடிக்கு வெளியே ஒரு கொண்டி. வில்லன் ககனராஜாவை உள்ளே தள்ளி, கொண்டியைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் போவான். தண்ணீர் மூடிவரை ஏறி வழியத் தொடங்கியதும் அண்ணா உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார். மூச்சைப் பிடித்துவிட்டேன், நீ ஆரம்பி என்று அர்த்தம். நான் கேமராவைப் பார்த்து ஒரு நிமிட வசனம் பேசுவேன். மூன்று தட்டு வந்தால் போதும், திற என்று அர்த்தம். திறப்பேன்.

கடைசி பாகத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கடிகாரம் வைத்து நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். நான்கு முறையும் சரியாகத் திறந்தேன். தலை துவட்டிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒரு நிமிசம் சும்மா இருப்பேன் சம்பங்கி. ஒண்ணே கால் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஆவாது. நீ பயப்படாம பேசு, உன்ன நம்பித்தான உள்ள போறேன்."

நேற்று நீங்களும் கூடாரத்தில், இரண்டாவது வரிசையில் இருந்தீர்களாம். ஏட்டய்யா சொன்னார். பெட்டியில் தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

ஆஞ்சப்பன் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தான், வாசலுக்கு ஓடினான். முதலாளி உங்களோடு கூடாரத்தில். கொட்டகையில் நானும் இன்ஜினியர் தம்பியும் மட்டும். அவர் ஒரு கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு, என் முகத்தைப் பெட்டி முழுவதும் வருமாறு பிடித்திருந்தார். கதை என்ன என்று அவருக்கு ஒருநாளும் தெரியாது, ஒயர் சூடாகிறதா என்பதுதான் அவர் கவலை. அவர்மேல் தப்பே இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு தட்டு வந்தது. பேசினேன். கட்டுண்டு கிடந்த பொடியன் இன்று எழுந்துவிட்டான், ககனராஜா, நீங்கள் எனக்காக வந்த முப்பத்திரண்டு நாளுக்கும் சேர்த்து இன்று நான் வருகிறேன், இதோ வர்றேன் என்று முடியும் வசனம். இதோ வர்றேன் என்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எனக்காக மட்டும் வந்த சத்தம். அழுகை வந்துவிட்டது, பெட்டியிலும் தெரிந்திருக்கும்.

மூன்று தட்டு வந்தது. நான் திரும்பிக் கொண்டியில் கை வைத்தேன். கேமராவும் திரும்பியது. பெட்டியில் என் முகம் போய்த் தொட்டி வந்திருக்க வேண்டும். உடனே கைதட்டல் நின்றுவிட்டது. ஜனம் ககனராஜாவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் அவர் எழுந்து நிற்பார், தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆறடி. நான் காப்பாற்றிய நாளிலும் கைதட்டல் அவருக்கே போகும். பழக்க தோஷத்தில் என் தொப்பியையும் தட்டுவார்.

கொண்டியிலிருந்து கையை எடுத்தேன்.

கேமராவைப் பார்த்துத் திரும்பி, அதே வசனத்தைத் தெலுங்கில் பேசினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை, தானாக வந்தது. இதோ வஸ்தானு என்று முடித்தபோது கூடாரத்தின் இடதுபக்கம் முழுவதும் ஆரவாரம். பாகலூர்ப் பக்கத்து ஜனம் அங்கேதான் உட்காரும். தொட்டியில் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டுக்கு அர்த்தம் பேசி வைத்திருந்தோம், மூன்று தட்டுக்கும் பேசி வைத்திருந்தோம். நிற்காமல் தட்டினால் என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

கேட்டதா என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். கேட்டது. தட்டும் சத்தத்தின் நடுவே வார்த்தை அமுங்கிவிடக்கூடாது என்று இடைவெளி பார்த்துத்தான் பேசினேன். நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. கன்னடத்தை அமைதியாக, அவசரமில்லாமல் பேச முடிந்தது. மைசூருக்குப் போக வேண்டிய பாஷை அல்லவா, அதை நிதானமாகத்தான் பேச வேண்டும். வர்றேன் என்பதற்குக் கன்னடத்தில் பர்தீனி, அப்படி முடித்தேன். கூடாரம் முழுவதும் எழுந்து நின்றதாகப் பிறகு முதலாளி சொன்னார். நீங்களும் எழுந்தீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அப்புறம் போய்க் கொண்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கினேன். சிவப்புப் போர்வை மேலே மிதந்து வந்தது. அண்ணாவின் விரல்களில் தோல் கிழிந்திருந்தது. நான் அவர் தலையில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினேன், கதைப்படி காப்பாற்றியவர் செய்வது அதுதான். அதற்கும் கைதட்டினார்கள். முதலாளி சுவரைச் சுற்றி மூச்சிரைக்க ஓடிவந்து, "நீ மைசூருக்கு வரே" என்று சொல்லி முடித்த பிறகுதான் தொட்டிக்குள் பார்த்தார்.

அண்ணாவின் மனைவி அருள்மேரி அக்கா இன்று காலை வந்திருந்தார். என்னைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். எனக்கு வருத்தமாக இருந்தது. நான் அண்ணாவை விரும்பிச் சாகடிக்கவில்லை என்று அக்காவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஒன்றே கால் நிமிடம் தாண்டிவிட்டது என்றும் தெரியும், கை வைத்தேன், எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சிட்டு வருவதாகத்தான் சொன்னான், மூன்று பாஷையில் சொன்னான், வரவும் செய்தான். வராமல் இருந்தால்தானே குற்றம்.

தசராவுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கேஸ் அதற்குள் முடிந்துவிடுமா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

இதைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். கோர்ட்டுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டுமென்றால் எழுத வராது, ஆனால் பேச்சாகச் சொல்கிறேன், ஆட்கள் கொஞ்சம் கூட இருந்தால் நன்றாக வரும்.