ஐந்நூறு பாகத்தில் இரண்டு கண்கள்

— உதை ஏன் பிள்ளை உரப்பைக்குள்ளை போட்டுக் கட்டுறாய்? முந்தநாள் படகிலை ஏத்தேக்கை கறுப்புத் துணி சுத்தி, பச்சைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கினனி.

— இனி அதுக்குத் துணி என்னத்துக்கு, ஸ்ரெல்லா அக்கா? தோத்துப்போன கண்ணாடி உருண்டை.

— தோத்ததோ? இதுதான் நான் பெத்த பிள்ளை எண்டு எங்கடை மனுசனுக்குச் சொன்னனி. அந்த வெளிநாட்டு உருண்டையை நீ ஒருக்காத் தடவிக்கூடப் பாக்கேல்லை.

— அதுதான் வெண்டது. இருங்கோ அக்கா, அந்தக் கதிரையிலை. வவுனியா பஸ் பத்தரைக்குத்தான். அதுக்கு முதல் வெளிநாட்டு ஆக்களுக்கு ஈமெயில் போகவேணும். எழுதிப்போட்டன். அனுப்பக் கை வருகுதில்லை.

— என்னெண்டு எழுதினனி?

— இந்தக் கஜனி, நான் செய்த உருண்டை சரிவரேல்லை, உங்கடையிலையே நானூறு செய்யுங்கோ எண்டு. அதாவது, நானூறையும் கயிறு கயிறாக் கோத்து ஆழ்கடலிலை விடப்போகினம். அதுக்கு ஆற்றை உருண்டை நல்லது எண்டு பாக்கத்தான் உங்கடை படகிலை ரெண்டையும் கொண்டுபோனது.

— மாதாவே, நானூறோ. ஏன் பிள்ளை, உதுகள் அங்கை அப்பிடி என்னத்தைத்தான் பாக்கப்போகுதுகள்? மூண்டு நாளா என்ரை வீட்டிலை நிக்கிறாய், இன்னும் எனக்கு வடிவா விளங்கேல்லை. கருவாடு காயப்போடுறவளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லு.

— தூரத்திலை நட்சத்திரங்கள் வெடிக்கேக்கை ஒரு துகள் கிளம்பும். நியூட்ரினோ எண்டு பேர். மலை, மண், மனுசர் ஒண்டும் அதை மறிக்காது. இப்பவும் உங்களுக்கூடாலை போய்க்கொண்டிருக்கு.

— எனக்கூடாலையோ? நான் சாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து ரெண்டு மாசமாகுது, சொல்லிப்போட்டன்.

— அது உங்கடை பாவத்தைப் பாக்காது அக்கா. ஆனா கோடியிலை ஒண்டு எப்பவாவது கடல் தண்ணியிலை முட்டுப்படும். அப்ப ஒரு நீலப் பொறி வரும். கண் வெட்டிறதுக்குள்ளை ஆயிரம் தரம் வந்து ஆயிரம் தரம் அணைஞ்சுபோற அளவு பொறி. அதைக் காணுறதுக்குத்தான் இந்தக் கண்ணாடிக் கண்.

— அவ்வளவு சின்ன வெளிச்சத்தையும் காணுமோ?

— காணவேணும். காணாட்டி அது கண்ணில்லை, வெறும் போத்தல்.

— நீ தர்மபுரத்திலை வயல்காரர் வீட்டிலை பிறந்து, எங்கடை முல்லைத்தீவுக் கடலுக்குக் கண் வைக்க வந்திருக்கிறாய். பொறாமையாக் கிடக்கு. கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல.

— பொறாமைப்பட ஒண்டும் மிஞ்சேல்லை. சிற்றம்பலத்தாற்றை மகள் கண்ணாடி உருட்டுறாள் எண்டு ஊரிலை சிரிச்சவை. இனி வாய்விட்டுச் சிரிக்கட்டும்.

— கடலிலை என்ன நடந்தது எண்டு சொல்லாமல் சிரிப்பைப் பற்றிக் கதைக்கிறாய்.

— நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள். ஒரே கயிறு. மேலை வெளிநாட்டு உருண்டை, கீழை என்ரை உருண்டை. ஒண்டையொண்டு பாத்தபடி, இடையிலை நாலு பாகம், இருபத்துநாலு அடி. ஐந்நூறு பாகம் கீழை போனது. சூரியன் எட்டாத இடம். அங்கை கண் சும்மா இருக்கவேணும். வெளிநாட்டு உருண்டை அப்பிடியே இருந்தது. கரையிலை கறுப்புப் பெட்டிக்குள்ளை, ஒரு வெளிச்சமும் படாமல் வைச்சு எடுத்த அதே எண்ணிக்கைதான் கடலுக்குள்ளையும். நாலு மணித்தியாலம், ஒரு சலனம் இல்லை.

— எங்கடை கடலிலை நாலு மணித்தியாலம் ஒரு சலனமும் இல்லையோ? ஆழத்து மீனுகள் தானாவே மினுங்கும் எண்டு எங்கடை மனுசன் மரியநாயகம் சொல்லுவார்.

— அண்டைக்கு ஒண்டும் அந்தப் பக்கம் வரேல்லையாக்கும். என்ரை உருண்டையை எல்லே பாக்கவேணும். இறக்கின நேரத்திலை இருந்து ஒரு வெளிச்சத்தைக் கண்டுகொண்டே இருந்தது. இந்தக் கடதாசியிலை கிடக்கிற கோட்டைப் பாருங்கோ. தொடக்கத்திலை நல்ல உசரம். பிறகு சரிஞ்சு சரிஞ்சு வருகுது. கடைசி வரைக்கும் முற்றா விழேல்லை.

— அங்கை வெளிச்சம் ஏது?

— வெளியிலை இல்லை அக்கா, உள்ளுக்கை. கண்ணாடியின்ரை ரெண்டு பாதியையும் ஒட்டுறதுக்கு வெளிநாட்டுப் பசை வந்துசேரேல்லை. நானே ஒரு பசை கலந்தனான். நல்லா இறுகிச்சுது, தண்ணி ஒரு சொட்டுப் போகேல்லை, எனக்குத் தலைக்கனம். அது படகிலை துணி எடுத்த நேரம் வெயிலைக் குடிச்சுப்போட்டு, கீழை போய் இருட்டிலை கக்கியிருக்கு. அஞ்சு வருச வேலை, பசையிலை போச்சு.

— பசையிலைதான் எண்டு கண்டனியோ?

— வேறை என்ன? கயிறும் கறுப்பு, இரும்பும் கறுப்பு. உங்கடை ஆக்களிலை ஒரு குறையும் சொல்லேலாது. அந்த நீரோட்டத்திலை நாலு மணித்தியாலம், கயிறு சரியாமல், மரியநாயகம் அண்ணை படகைப் பிடிச்சு வைச்சிருந்தார். பெரிய கப்பல் வைச்சிருக்கிறவைக்கும் அது லேசில்லை. அதை ஈமெயிலிலை முதல் வரியிலையே எழுதியிருக்கிறன்.

— அவர் கேட்டால் ஒரு கிழமைக்கு நிலத்திலை நடக்கமாட்டார். நீயும் குறைவோ? பொம்பிளைப்பிள்ளை தனிய வருது எண்டு துணைக்கு வந்த நான் உன்னைப் பாத்துக்கொண்டே இருந்தனான். சத்தி எடுப்பாய், வாயைத் துடைப்பாய், திரும்ப வந்து கயித்திலை கை வைப்பாய். பிறகும் ஓடுவாய்.

— அதை ஞாபகப்படுத்தாதேங்கோ.

— ஞாபகப்படுத்தத்தான் வேணும். அதிலைதான் ஒரு கதை கிடக்கு.

— என்ன கதை?

— கயித்திலை ஏதும் கட்டியிருந்தால் உன்ரை கண் அதைக் காணுமோ?

— கயித்திலை ஒண்டும் கட்டப்படாது எண்டு சொன்னனான், அக்கா. நூல்கூட.

— ஓம். மூண்டு தரம் சொன்னனி.

— அக்கா?

— பேசிறதெண்டால் நான் முடிச்ச பிறகு பேசு. எங்கடை ஆக்கள் புதுசா ஒண்டைக் கடலிலை இறக்கிறதெண்டால், படகோ வலையோ எஞ்சினோ, செபமாலை கட்டாமல் இறக்கிறேல்லை. நீ சத்தி எடுக்கக் குனிஞ்ச நேரம் கட்டிப்போட்டன். கயித்தை மேலை ஏத்தேக்கை நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். அவிட்டு மடியிலை செருகிப்போட்டன். இதுதான் என்ரை பாவசங்கீர்த்தனம்.

— மரமணி மாலைதானே அக்கா? அதிலை ஒரு பிழையும் வராது. விடுங்கோ.

— மரமெண்டால் நான் ஏன் விடிஞ்சதிலை இருந்து உன்ரை அறை வாசலிலை முழுசிக்கொண்டு நிக்கிறன்? அது மடு மாதா திருநாள் கடையிலை வாங்கினது. பகலிலை வெள்ளை மணி. இருட்டிலை பச்சையா மினுங்கும்.

— மினுங்குமோ?

— தெரிஞ்சுதான் அதைக் கட்டினனான். சூரியனே எட்டாத இடம் எண்டு நீதானே சொன்னனி. அந்தக் கும்மிருட்டுக்கை அதுகள் ரெண்டும் தனியப் போகுதுகள் எண்டு எனக்கு மனம் கேக்கேல்லை. ஒரு பொட்டு வெளிச்சமெண்டாலும் துணைக்குப் போகட்டும் எண்டு நினைச்சன். இருட்டைப் பாக்கத்தான் அதுகள் போகுதுகள் எண்டு எனக்கு ஆர் சொன்னது?

— எவ்வளவு நேரம் மினுங்கும்?

— ஒரு அரை மணித்தியாலம். பிறகு அணைஞ்சுபோம்.

— உங்கடை கண்ணுக்கு அணைஞ்சுபோம். இப்ப எங்கை அது?

— இந்தா, மடியிலைதான் கிடக்கு.

— வெயிலிலை கொஞ்சம் பிடியுங்கோ. அண்டைக்குப் படகிலை எவ்வளவு நேரம் வெயில் பட்டிருக்கும்? காணும், கொண்டு வாங்கோ. உரப்பையை அவிழுங்கோ. உருண்டையைக் கறுப்புப் பெட்டிக்குள்ளை வைக்கிறன். முதல் தனிய மூடிப் பாத்தன், கோடு எழும்பேல்லை. மாலையையும் உள்ளுக்கை தொங்கவிடுங்கோ. மூடியைப் போடுங்கோ, இறுக்கி.

— பிழையா ஏதும் நடக்குதோ?

— கதைக்காதேங்கோ. திரையைப் பாருங்கோ.

— கோடு ஒண்டு வருகுது. மேலை நிண்டு சரியுது.

— இப்ப இந்தக் கடதாசியைப் பக்கத்திலை பிடியுங்கோ. கடலிலை எடுத்தது.

— ரெண்டும் ஒண்டுதான். அதே சரிவு. பிள்ளை, எனக்கே தெரியுது.

— பசை இல்லை அக்கா. பசையிலை ஒரு பிழையும் இல்லை. மனுசர் கண்ணுக்கு அணைஞ்சுபோன மணியை, என்ரை உருண்டை ஐந்நூறு பாகத்திலை நாலு மணித்தியாலம் கண்டுகொண்டு இருந்திருக்கு. நான் அதை உரப்பையிலை கட்டினனான். எனக்கு அழுகையும் வருகுது, சிரிப்பும் வருகுது.

— ரெண்டையும் செய். இஞ்சை ஆர் பாக்கினம்? நான் உனக்குப் பயந்து ரெண்டு நாளாச் சோறு இறங்காமல் திரிஞ்சனான். என்ன கண் பிள்ளை அது. மாதா கோயில் மெழுகுதிரி முழுக்க அதுக்குத்தான் கொளுத்தவேணும்.

— கொளுத்துங்கோ, ஆனா பக்கத்திலை கொண்டுவராதேங்கோ.

— சொல்லிப்போட்டாய். இனி அந்த ஈமெயிலை என்ன செய்யப்போறாய்?

— அழிச்சிட்டு வேறை எழுதுறன். ரெண்டு உருண்டையும் நல்லது, ரெண்டும் சமன் எண்டு. அவையின்ரையிலைதான் நானூறும் செய்வினம், அது பரவாயில்லை. என்ரை பேர் பழுதில்லாமல் இருந்தால் காணும். ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ, அதையும் எழுதவேணும். கயித்திலை எந்த இடத்திலை கட்டினனீங்கள்? என்ரை உருண்டையோடை ஒட்டித்தானே? அதுதான் மேலை நிண்ட வெளிநாட்டு உருண்டை அந்த வெளிச்சத்தைக் காணேல்லை.

— பாசம் உன்ரையிலைதான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா செபமாலையிலை ஓரவஞ்சனை செய்யலாமோ பிள்ளை? ரெண்டு பாகம் அங்காலை, ரெண்டு பாகம் இங்காலை, கையாலை அளந்து ரெண்டு உருண்டைக்கும் சரி நடுவிலை கட்டினனான்.