ஐம்பது வயதில் எழுதிய மாத்திரை

அவைக்குத் தலைமையேற்று அமைதி காக்கும் பெரியவர் அவர்களே, நரையோடு நம்பிக்கையையும் சுமந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, வாசலில் நின்று கேட்கும் தம்பிமார்களே, வணக்கம்.

நம் பணிமனையில் பேருந்துகளுக்கு உயிர் கொடுத்த மெக்கானிக் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒழுங்கில் கெடுபிடி, அதனால் சட்டாம்பிள்ளை என்றோம். அவர் மனைவி, நம் அண்ணி, இதோ இருக்கிறார். "பேசுங்க, மத்தவங்களாவது தப்பிக்கட்டும்" என்று அவர் சொன்ன பிறகே பேசுகிறேன்.

ஐம்பது வயதில் சட்டாம்பிள்ளைக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை தவறியதா? இல்லை. நடை தவறியதா? இல்லை. இனிப்பைத் தொட்டாரா? இனிப்புத் தின்றவர் கையைக்கூடத் தொடவில்லை. சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இனி அதற்கு இடமில்லை.

எழுபது கடந்தது. பல் போனது, பசி போனது, தட்டில் பாதி மீந்தது. தோள் வற்றியது, தொடை வற்றியது. மாத்திரை மட்டும் மாறவில்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அண்ணி. "சுகர் கம்மியாத்தானே இருக்கு, எதுக்கு வீண் அலைச்சல்?" என்றார் அவர்.

கை நடுங்கியது, வயசு என்றார்கள். சட்டை நனைய வியர்த்தது, வயசு என்றார்கள். மகளையே யாரோ என்று பார்த்தார்; அதற்கும் வயசு என்றார்கள். வயசு என்ன நோயின் பெயரா, ஐயா? அல்லது கேள்வியின் வாயை அடைக்கும் துணியா?

ஒரு காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, "சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம்" என்று நாற்காலியில் சாய்ந்தார். அசந்து தூங்குகிறார் என்று வீடே ஓசைப்படாமல் நடமாடியது. அந்தப் பாசத்தை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. மதியம் அண்ணி எழுப்பினார். அவர் எழவில்லை.

"இந்த மாத்திரை எப்போ எழுதினது?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"அவருக்கு அம்பது வயசுல, டாக்டர்."

"அந்த அளவு தாங்குற உடம்பு இப்ப இல்லம்மா. சாப்பாடு குறைஞ்சிருச்சு, கிட்னி தளர்ந்திருச்சு. மருந்து உள்ளேயே தங்கி, சர்க்கரையை அடியோட இறக்கிருச்சு."

உயிர் மீண்டது, அவர் மீளவில்லை; சர்க்கரை வற்றிக் கிடந்த நேரத்தில் மூளை அடிபட்டு நினைவு போயிற்று. "உங்க பொண்டாட்டிங்க" என்றால் மிரள்கிறாராம். அதனால் அண்ணி இப்போது, "உங்களைப் பாத்துக்க வந்தவ, சாப்பிடுங்க" என்று சொல்லி ஊட்டுகிறார்.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? மாத்திரையை நிறுத்திவிடலாமா? வேண்டாம், அதுவும் ஆபத்து. டாக்டரிடம் போய்க் கேளுங்கள். உடல் தேய்கிறது, உணவு குறைகிறது, மருந்து மட்டும் மாறாமல் இருக்கலாமா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் வியர்த்தால் கேளுங்கள், உளறினால் கேளுங்கள், மெலிந்தால் மகிழாமல் கேளுங்கள்.

அவருக்கு ஊட்டும் நேரமாயிற்று, அண்ணி எழுந்துவிட்டார். தம்பிமார்களே, வழி விடுங்கள். அண்ணிக்கும், இருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்லி விடைபெறுகிறேன், வணக்கம்.